செல்ஃப் எடுக்க வைத்த கெட்டரிங்



இந்த மாதம் சுவரிதழில் அறிஞர் வாழ்க்கைப் பகுதிக்கு யாரைப் பற்றி எழுதுவது என்று டீச்சர் பெயர் கேட்டபோது, எடிசன் ரெண்டு பேர், ஐன்ஸ்டீன் ஒருத்தி, மேரி கியூரி மூணு பேர் என்று கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் சார்லஸ் கெட்டரிங் என்று எழுதிக் கொடுத்தேன். யாருடி அது என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். அவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் செய்த வேலை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பனிக் காலத்தில் காலையில் ஜீப்பும் காரும் கிளம்பாமல் நிற்கும்போது, செல்ஃப் எடுக்கலைன்னு சொல்றோம் இல்லையா? அந்த செல்ஃபைச் செய்தவர்தான் இவர்.

கெட்டரிங் 1876ஆம் வருடம் ஆகஸ்ட் 29ஆம் தேதி அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் நாலாவது பிள்ளை. நம்மை மாதிரியே காட்டு வேலையும் பள்ளிக்கூடமும்தான் அவருக்குத் தெரிந்த உலகம். சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கண் சரியில்லை. கொஞ்ச நேரம் புத்தகத்தைப் பார்த்தாலே தலைவலி வந்துவிடும். ஆனால் படிக்கிற ஆசை மட்டும் குறையவே இல்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் வாத்தியார் ஆனார். ஒரே ஒரு அறை உள்ள பள்ளிக்கூடம். சாயந்திரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து மின்சாரம், காந்தம், வெப்பம், புவியீர்ப்பு என்று செய்து காட்டுவாராம். பாடப் புத்தகத்தில் இல்லாததை எல்லாம் செய்து காட்டினதால் பிள்ளைகள் ஆசையாக வந்தார்கள். நம் அறிவியல் அறையில் இரும்புத் தூளைக் காகிதத்தின் மேல் தூவி அடியில் காந்தத்தை நகர்த்தினபோது நாம் எப்படிக் கத்தினோம்! அந்த மாதிரிதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவர் ஒகையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் சேர்ந்தார். அங்கேயும் கண் விடவில்லை. படிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மனசு உடைந்துபோனார். பிழைப்புக்காக டெலிபோன் கம்பி இழுக்கிற கூட்டத்தில் வேலைக்குப் போய், அதற்கே மேஸ்திரி ஆனார். கம்பம் நடுவது, குழி தோண்டுவது, கம்பி கட்டுவது. இதில் ஒரு நல்லது நடந்தது. வெளி வேலையில் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. படித்த மின்சாரத்தைக் கையால் தொட்டுப் பார்க்கவும் முடிந்தது. ஆலிவ் வில்லியம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்ததும் அந்த வேலைக் காலத்தில்தான். கண் கொஞ்சம் தேறினதும் திரும்பக் கல்லூரிக்குப் போய் 1904இல் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு 27 வயது. கூடப் படிக்க ஆரம்பித்தவர்கள் எல்லாம் எப்போதோ முடித்துப் போயிருப்பார்கள். 1905இல் ஆலிவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

பட்டம் வாங்கின உடனே டேட்டன் நகரத்தில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் என்ற கம்பெனியில் வேலை கிடைத்தது. கடையில் காசு வாங்கிப் போடுகிற கல்லாப் பெட்டி இருக்கும் இல்லையா, அதை மெஷினாகச் செய்கிற கம்பெனி. அந்தக் காலத்தில் கல்லா மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றினால்தான் பெட்டி திறக்கும். அதை மின்சாரத்தால் திறக்க வைப்பதுதான் கெட்டரிங்குக்குக் கொடுத்த வேலை. சின்ன மெஷினுக்குள் பெரிய மோட்டார் வைக்க இடம் இல்லை. அப்போது அவர் ஒன்றை யோசித்தார். கல்லாப் பெட்டி நாள் முழுக்க ஓடப் போவதில்லை. ஒரு நொடி சுற்றும், அப்புறம் சும்மா இருக்கும். அதனால் சின்ன மோட்டாருக்கே அதன் அளவுக்கு மீறின மின்சாரத்தை ஒரு நொடி மட்டும் கொடுத்தால் போதும். அது சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும்! இந்த யோசனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இப்போது அந்தக் காலத்துக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரின் முன்பக்கம் ஒரு வளைந்த இரும்பு ஹேண்டிலை மாட்டிக் கையால் சுற்றித்தான் இன்ஜினைக் கிளப்புவார்கள். நல்ல பலம் வேண்டும். குளிர் நாளில் இன்னும் மோசம். ஆயில் குளிரில் கெட்டியாகி, பிஸ்டன் நகரவே நகராது. பலத்தை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கு. பிளக்கில் தீப்பொறி கொஞ்சம் முந்தி விழுந்துவிட்டால், பிஸ்டன் மேலே போய்ச் சேருவதற்குள்ளேயே பெட்ரோல் வெடித்து இன்ஜினைத் திருப்பித் தள்ளும். ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று அடிக்கும். மணிக்கட்டு உடையும், கை உடையும், தாடை உடையும். அந்தக் காலத்து டாக்டர்கள் இந்த எலும்பு முறிவை நிறையப் பார்த்திருக்கிறார்கள். டிரைவர் வேலைக்கே உரிய முறிவு என்று அதற்குப் பெயரே உண்டு.

பைரன் கார்ட்டர் என்று ஒரு கார் முதலாளி 1908இல் இறந்துபோனார். வழியில் கார் நின்றுபோன ஒரு பெண்ணுக்கு உதவி செய்யப் போய், ஹேண்டில் தாடையில் அடித்து, அதிலிருந்து தேறாமலே இறந்தார் என்று ஒரு கதையைப் பல புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். இடத்தையும் விதத்தையும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். அவர் நண்பரான காடிலாக் கம்பெனித் தலைவர் ஹென்றி லேலண்ட் இதைக் கேட்டு வருத்தப்பட்டு, இனி தன் கார் யார் உயிரையும் வாங்கக் கூடாது என்று முடிவு செய்தார் என்பதும் அந்தக் கதையிலேயே வருவதுதான். கதை எப்படியோ, லேலண்டுக்கு ஹேண்டில் இல்லாத கார் வேண்டியிருந்தது. அதற்காகக் கெட்டரிங்கிடம் வந்தார். இது மட்டும் உறுதி.

ஏன் கெட்டரிங்கிடம்? அதற்கும் காரணம் இருக்கு. கல்லா கம்பெனியில் எட்வர்ட் டீட்ஸ் என்று இன்னொரு அதிகாரி இருந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. கெட்டரிங்கும் கூட வேலை செய்தவர்கள் சிலரும் ராத்திரியிலும் லீவு நாளிலும் அந்தக் கொட்டகையில் கூடி, கார் இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் புது முறை ஒன்றைச் செய்தார்கள். பழைய முறையில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். ஏனென்றால் ஒரு தடவை வெடிக்க ஒரு பொறி போதும் என்ற இடத்தில் சரம் சரமாகப் பொறி பறந்து மின்சாரம் வீணாகும். கெட்டரிங் ஒரு வெடிப்புக்கு ஒரே ஒரு நல்ல பொறி விழுகிற மாதிரி செய்துவிட்டார். இதை 1910 மாடல் காடிலாக் காரில் வைத்தார்கள். 1909இல் கெட்டரிங் கல்லா கம்பெனி வேலையை விட்டார். டீட்ஸும் அவரும் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். டேட்டன் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி என்பது பெயர். அந்த முதலெழுத்துகளைச் சேர்த்து டெல்கோ என்று ஆனது. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் காரில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு டெல்கோ என்றே பெயர் விழுந்துவிட்டது. கொட்டகையில் பிறந்த பெயர் எங்கே போய்ச் சேர்ந்திருக்கு பாருங்கள்!

இப்போது ஹேண்டில் விஷயம். காரை மின்சாரத்தால் கிளப்பவே முடியாது என்று அப்போது பெரிய இன்ஜினியர்கள் சொன்னார்கள். கணக்குப் போட்டால் அது சரியாகவும் இருந்தது. குளிர்ந்துபோன இன்ஜினைச் சுற்ற வேண்டுமானால் அந்த இன்ஜின் அளவுக்கே ஒரு மோட்டார் வேண்டும், அதற்கு ஏற்ற பேட்டரியைச் சுமக்க இன்னொரு வண்டி வேண்டும் என்று கணக்கு வந்தது. அவர்கள் போட்ட கணக்கு நாள் முழுக்க ஓடுகிற மோட்டாருக்கு. கெட்டரிங்குக்குக் கல்லாப் பெட்டி ஞாபகம் வந்தது. காரைக் கிளப்பவும் சில நொடிதானே வேண்டும்! சின்ன மோட்டாரை வைத்து, பல்சக்கரத்தால் அதன் பலத்தைக் கூட்டி, சில நொடிக்கு மட்டும் நிறைய மின்சாரத்தைக் கொட்டினார்.

அதோடு விடவில்லை. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டாரை இன்ஜின் சுற்றும். அப்போது அது டைனமோ ஆகிவிடும். செலவழித்த மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அதே மின்சாரத்தில் லைட்டும் எரியும். கிளப்பும்போது 24 வோல்ட், சார்ஜ் ஆகும்போது 6 வோல்ட் என்று இணைப்பு மாறுகிற மாதிரி அமைத்திருந்தார். என்னைக் கேட்டால், வெறும் மோட்டாரைச் செய்ததை விட இதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம். பேட்டரியைத் திரும்ப நிரப்ப வழி இல்லாவிட்டால் நாலு நாளில் செல்ஃப் செத்துப்போகும்.

1911 பிப்ரவரியில் அதைக் காடிலாக் கம்பெனிக்குச் செய்து காட்டினார்கள். 1912 மாடல் கார் எல்லாவற்றிலும் அது வந்துவிட்டது. காப்புரிமை 1915இல் கிடைத்தது. தானே கிளம்பும் கருவி என்ற பொருளில் செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று பெயர் வைத்தார்கள். நம் ஆட்கள் வாலை வெட்டிவிட்டு செல்ஃப் என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தோழிகளே, இதில் நமக்கு ஒரு முக்கியமான சேதி இருக்கு. ஹேண்டில் காலத்தில் ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டப் போக வேண்டுமானால் கிளப்பிக் கொடுக்க ஓர் ஆண் வேண்டும். வழியில் நின்றால் இன்னோர் ஆண் வேண்டும். அதனால் வசதியான வீட்டுப் பெண்கள் பலர் பேட்டரியில் ஓடுகிற காரை வாங்கினார்கள். பெட்ரோல் காரை லட்சக்கணக்கில் செய்து விற்ற ஹென்றி ஃபோர்டு வீட்டிலேயே, அவர் மனைவி கிளாரா ஓட்டினது டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் கார்! ஃபோர்டு தன் மாடல் டி காருக்கு செல்ஃப் கொடுத்தது 1919இல்தான். செல்ஃப் வந்தபிறகு, கிளப்புவதற்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். காரில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கிளப்பலாம்.

இதெல்லாம் எனக்கு எப்படிப் பிடித்துப்போனது என்று சொல்கிறேன். எங்க மாமா ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருக்கிறார். எனக்கு வயசு 14. காருக்கு என்னை விட ரெண்டு மடங்குக்கு மேல் வயசு. அம்பாசிடர் கார் செய்வதையே 2014இல் நிறுத்திவிட்டார்கள். எங்க ஊர் ஊட்டிக்குப் பக்கத்தில் என்பதால் டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் பழைய காரைக் கிளப்புவது ஒரு பரீட்சை. அந்தக் காரில் இருக்கும் செல்ஃபும் கெட்டரிங் வழி, பேட்டரி, காயில், பாயிண்ட் வைத்துப் பொறி கொடுக்கும் முறையும் கெட்டரிங் வழி. இந்த முறைக்கு கெட்டரிங் இக்னிஷன் என்றே பெயர். அதனால் கார் கிளம்பாவிட்டால் மாமா தேடுகிற பாதி இடம் இவர் செய்து வைத்ததுதான்.

குளிரில் ஏன் கிளம்பவில்லை? மாமா சொல்லிக் கொடுத்ததை வைத்து எழுதுகிறேன். பேட்டரிக்குள் நடப்பது ரசாயன மாற்றம். குளிரில் அது மந்தமாகிவிடும். தண்ணீர் உறையும் குளிரில் பேட்டரியின் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே நேரம் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுற்ற வழக்கத்தை விட அதிக பலம் வேண்டும். வரவு குறைந்த நாளில்தான் செலவு கூடுகிறது! மூணாவது விஷயம் பெட்ரோல். பெட்ரோல் தண்ணியாக இருந்தால் சரியாக எரியாது, ஆவியானால்தான் எரியும். பம்ப் ஸ்டவ்வை முதலில் சூடு காட்டாமல் பற்ற வைத்துப் பாருங்கள், புகைதான் வரும். அதே கதைதான் இங்கேயும். குளிர்ந்த இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 15 கிலோ காற்று என்பது சூடான இன்ஜின் கணக்கு. குளிரில் பெட்ரோலைக் கூடுதலாக விட்டால்தான் அதில் ஆவியாகிற கொஞ்சமாவது எரியும். டேஷ் போர்டில் இருக்கும் சோக்கை இழுப்பது இதற்காகத்தான்.

சத்தத்தைக் கேட்டே நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்பார் மாமா. முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்வார். லைட் அப்படியே மங்கி அணைந்துபோனால் பேட்டரி பலவீனம், இல்லாவிட்டால் டெர்மினலில் பிடிப்பு சரியில்லை. லைட் பளிச்சென்று எரிந்துகொண்டே டக் என்று ஒரு சத்தத்தோடு நின்றால் செல்ஃப் சுவிட்சையோ மோட்டாரையோ அதற்குப் போகிற வயரையோ பார்க்க வேண்டும். மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குப் பக்கத்தில் நின்றால் பரவாயில்லை, ஒன்பதுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி சரியில்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். காய்ந்து இருந்தால் பெட்ரோல் வரவில்லை. சோக் கேபிள், பெட்ரோல் பம்ப் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து பிளக்கை மூழ்கடித்துவிட்டது. மூழ்கியிருந்தால் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கிக்கொண்டு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும். பொறி இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உலர்ந்த துணியால் துடைப்பார். பனி ஈரம் அதற்குள் படிந்தாலே பொறி வழி மாறிப் போய்விடும். அப்புறம் பாயிண்ட் கரிந்திருக்கா என்று பார்ப்பார்.

ஒரு விஷயத்தில் மாமா கண்டிப்பு. ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க விடமாட்டார். அடித்தால் அரை நிமிஷமாவது விட்டுத்தான் மறுபடி அடிக்கணும். அது ஏன் என்று கெட்டரிங்கைப் படித்தபிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கிற சின்ன மோட்டார். சில நொடிக்குத்தான் அது கெட்டிக்காரன். அதற்கு மேல் போனால் சூடாகி உள்ளே கருகிவிடும்.

போன ஜனவரியில் ஒரு விடியற்காலை நாலரை மணி. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் கீழே இருந்து ஏறி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். மாமா காரை எடுக்க ஓடினார். செல்ஃப் அடித்தால் டக் என்று ஒரே சத்தம், லைட் செத்துவிட்டது. நான் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். பானெட்டைத் திறந்தால் பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. மாமா முதலில் எர்த் வயரைக் கழற்றினார், அப்புறம் இன்னொன்றை. பாட்டி அடுப்பிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். கத்தியால் சுரண்டி, துடைத்து, இறுக்கிப் பூட்டியதும் செல்ஃப் சுற்றியது. ஆனால் மெதுவாக, முனகிக்கொண்டு. பிடிக்கவில்லை. அக்கா வாசற்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாங்க. அவங்க மாமியார் அழக்கூடாதுன்னு சொல்லிக்கொண்டே அவங்களும் அழுதாங்க.

மாமா டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுத்தார். கியர் நியூட்ரலில் இருக்கா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கா என்று பார்த்துவிட்டு பம்பர் ஓட்டை வழியாக மாட்டினார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டார். கட்டைவிரலை வளைத்துப் பிடித்தால் திருப்பி அடிக்கும்போது உடைந்துவிடும். அழுத்தித் தள்ளாமல், கீழேயிருந்து மேலே வெடுக்கென்று இழுத்தார். மூணாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது! அக்காவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ஏழு மணிக்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

செல்ஃபில் பிடிக்காத கார் ஹேண்டிலில் எப்படிப் பிடித்தது என்று ரொம்ப நாள் யோசித்தேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் மின்சாரத்தை எல்லாம் அந்த மோட்டாரே இழுத்துக்கொள்கிறது. காயிலுக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம். அதனால் பொறி பலவீனமாகிவிடும். ஹேண்டிலில் சுற்றுவது மாமாவின் கை. அரைப் பேட்டரியின் பலம் முழுக்கப் பொறிக்கே போகும். கெட்டரிங்கின் ரெண்டு கண்டுபிடிப்பும் ஒரே பேட்டரிக்குச் சண்டை போட்டதில் ஒன்றை உட்கார வைத்தபிறகு இன்னொன்று வேலை செய்தது.

சரி, அவர் கதைக்கு வருகிறேன். 1916இல் டெல்கோவை விற்றுவிட்டார்கள். கடைசியில் அது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோடு சேர்ந்தது. கெட்டரிங் 1920 முதல் 1947 வரை அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கரண்டு கம்பி போகாத பண்ணை வீடுகளுக்குச் சின்ன இன்ஜினும் பேட்டரியும் வைத்து விளக்கு எரிய டெல்கோ லைட் செய்தார். ரயிலுக்கு நல்ல டீசல் இன்ஜின் வரக் காரணமாக இருந்தார். தோற்றதும் உண்டு. தண்ணீர் இல்லாமல் செம்புத் தகட்டால் குளிரும் ஒரு கார் இன்ஜினைச் செய்தார். 1923இல் விற்ற சில நூறு கார்களைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. நூற்றெண்பதுக்கும் மேல் காப்புரிமை அவர் பெயரில் இருக்கு.

ஒன்றை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனசில்லை. அவருடைய புது தீப்பொறி முறை வந்தபிறகு இன்ஜின் உள்ளே தட்டுகிறது என்று புகார் வந்தது. தப்பு பெட்ரோலில்தான் என்று அவர் நம்பினார். தாமஸ் மிட்ஜ்லி என்ற உதவியாளரை வைத்துத் தேடச் சொன்னார். 1921 டிசம்பரில் ஈயம் கலந்த ஒரு பொருளைச் சொட்டு விட்டால் தட்டல் நிற்பது தெரிந்தது. 1923இல் அது விற்பனைக்கு வந்தது. ஈயம் விஷம் என்பது அன்றைக்கே தெரியும். அதனால்தானோ என்னவோ ஈயம் என்ற சொல்லே இல்லாமல் எத்தில் என்று பெயர் வைத்தார்கள். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைச் செய்த ஓர் ஆலையில் 5 தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்துபோனார்கள். அப்போதும் விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. கெட்டரிங் அந்தப் பக்கமே நின்றார். அந்தப் புகையைச் சுவாசித்த குழந்தைகளின் மூளை பல பத்து வருடங்களாகப் பாதிக்கப்பட்டது. இந்தியாவில் ஈயப் பெட்ரோலை 2000த்தில் நிறுத்தினார்கள். உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. கல்லாப் பெட்டியைப் பார்த்து அத்தனை நுணுக்கமாக யோசித்தவர் இதில் ஏன் யோசிக்கவில்லை என்று எனக்குக் கோபமாக வருகிறது. செல்ஃப் செய்தவர் என்பதற்காக இதை நான் மன்னிக்கவில்லை.

1945இல் அவர் பெயரும் கம்பெனித் தலைவர் ஸ்லோன் பெயரும் சேர்ந்து நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் என்ற புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அடுத்த வருடமே, 1946இல், ஆலிவ் அம்மையார் புற்றுநோயில் இறந்துபோனார். கெட்டரிங் 1958 நவம்பர் 25ஆம் தேதி டேட்டனில் 82 வயதில் காலமானார். டேட்டன் பக்கத்தில் கெட்டரிங் என்று அவர் பெயரிலேயே ஒரு நகரம் இருக்கு.

இப்போது வருகிற பெட்ரோல் காரில் கார்புரேட்டர் இல்லை, சோக் இல்லை, பாயிண்ட் இல்லை, ஹேண்டில் போட ஓட்டையும் இல்லை. பேட்டரி செத்தால் தள்ளித்தான் பார்க்க வேண்டும், அதுவும் எல்லாக் காரிலும் நடக்காது. ஹேண்டில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை எங்க வீட்டுக்கு வாங்க. மாமா டெர்மினலைக் கழற்றி வாசலின் தடவுகிற நாள் அது. தூக்கிப் பார்க்கவும் தருவார், நல்ல கனம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி